ஜீவராணியின் இணையக் கடைக்கு ஒரு முகவரி

கட்டுநாயக்கவில் ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் ஜீவராணி ஒன்பது வருஷம் சட்டைக் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான். கை, பட்டி, பொத்தான் துளை எல்லாம் வேறு வேறு வரிசைக்காரர்களின் வேலை. கல்யாணமாகி ஹாலிஎலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஏழாம் லயத்துக்கு வந்தபோது, ஒரு முழுச் சட்டையைத் தனியாகத் தைக்க அவளுக்குத் தெரியாது. கேட்டவர்களிடம் அதை மறைக்காமல் சொன்னாள்.

நடன உடைக்கு அவள் வந்தது ஒரு கிழிசலால். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் தமிழ்த் தினப் போட்டிக்காக பதுளையில் வாடகைக்கு எடுத்துவந்த பரத உடைகளில் ஒன்றின் முன்பக்க விசிறி மடிப்பு கிழிந்துபோயிற்று. டீச்சர் அதை ஜீவராணியிடம் கொடுத்து ஒட்டுப் போடச் சொன்னார். அவள் உடை முழுவதையும் தையல் தையலாகப் பிரித்தாள். துண்டுகளைப் பாயில் பரப்பி, பழைய பேப்பரில் வரைந்துகொண்டு, பிறகு திருப்பித் தைத்தாள். போட்டியன்று அதைப் பார்த்த, உடைகளை வாடகைக்குக் கொடுத்திருந்த நடன ஆசிரியை யசோதினி, "இது என்ட பழைய உடுப்பு மாதிரியே இல்லையே, யார் தைச்சது?" என்று கேட்டார். அடுத்த மாதம் பதுளையிலிருந்து ஆறு உடைகளுக்குத் துணி வந்தது.

மூன்று வருஷத்தில் யசோதினியின் மாணவிகளுடைய சொந்தக்காரர்கள் வழியாக அவளுடைய போன் நம்பர் கடல் தாண்டிப் போயிற்று. வாட்ஸ்அப்பில் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். விலை என்ன, அளவு எப்படி எடுப்பது, கார்டில் கட்டலாமா. முதல் இரண்டுக்குப் பதில் இருந்தது. ஒஸ்லோவில் இருந்த ஒரு தாய், யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் மச்சாளுக்குப் பணம் அனுப்பி, மச்சாள் அதை வங்கியில் போட்டு, ரசீதைப் படமெடுத்து ஜீவராணிக்கு அனுப்புவதற்குள் ஒன்பது நாள் போய்விட்டது. உடை விஜயதசமிக்கு வேண்டும். "இனி நேரம் காணாது, விடுங்கோ" என்று அந்தத் தாய் எழுதினார். துணி வெட்டியாகிவிட்டது என்று ஜீவராணி பதில் எழுதவில்லை.

பதுளை டவுனில் ரஜீவ் என்றொருவர் வெப்சைட் செய்து கொடுப்பார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், மாதிரிகளும் காட்டினார். அவர் சொன்ன தொகைக்கு இன்னும் இரண்டு தையல் மெஷின் வாங்கலாம். ஜீவராணி நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அவளே செய்தாள். இலவசமாகத் தளம் அமைத்துக்கொள்ள இடம் தரும் ஒரு செயலியைப் போனில் இறக்கினாள். லயத்துக்குள் சிக்னல் வராது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள பாறையில் இரண்டு கோடு காட்டும். சமையலை முடித்துவிட்டுக் குடையோடு அங்கே போய் உட்கார்ந்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் செய்தாள். ஏழு வாரம் பிடித்தது. உடைகளின் படங்களிலெல்லாம் பின்னால் லயத்துச் சுவரின் ஈரக்கறை விழுந்தது. வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி எல்லாவற்றையும் மறுபடி எடுத்தாள். அளவு எடுப்பதற்கான படத்தைக் கையால் வரைந்தாள். நிற்கிற பிள்ளையை வரையாமல், முழங்காலை மடித்து அரைமண்டியில் இருக்கிற பிள்ளையை வரைந்தாள். விசிறி விரிவது அப்போதுதான். அந்த அளவு பிசகினால் உடை பிசகிவிடும்.

விலைப் பகுதியில் ரூபாயைத் தேர்ந்தெடுக்க மறந்துபோனாள். ஒருநாள் முழுக்க ஒரு சின்னப் பிள்ளையின் உடை பதினெட்டாயிரம் டாலர் என்று இருந்தது.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த அவள் புருஷன் விஜேந்திரன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டு பேரு வாங்கியிருந்தா நம்ம லயத்தையே வாங்கியிருக்கலாம், ராணி."

"வாங்கி என்னா செய்ய? கூரைய மாத்தவே காணாது" என்றபடி அவள் ரூபாய்க்கு மாற்றினாள்.

கடை தயாரானது. காசு கட்டும் பொத்தான்தான் இல்லை. கார்ட் பணம் எடுத்துத் தரும் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு அவள் விண்ணப்பித்தாள். இரண்டாம் நாளே பதில் வந்தது. வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் வேண்டும், அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், முகவரிக்கு அத்தாட்சியாக ஒரு பில் வேண்டும்.

வீட்டுக் கரண்ட் பில் அவள் மாமனார் வீரசிங்கத்தின் பெயரில் வந்துகொண்டிருந்தது. வீரசிங்கம் இறந்து ஆறு வருஷம். கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு.

பிரதேச செயலகத்தில் பெயர்ப் பதிவுக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி படிவத்தை நிதானமாகப் படித்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: வியாபாரம் நடக்கும் இடம் யாருடையது, காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா, வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா?

கட்டுநாயக்கவில் பழகிய சிங்களத்தில் ஜீவராணி சொன்னாள்: "நாங்க நாலு தலமுறையா இருக்கிற வீடு, மிஸ். உறுதி இல்ல. தோட்டத்துக்குச் சொந்தம்."

"அப்படியென்றால் சொந்தக்காரர் சம்மதக் கடிதம் தரவேண்டும்" என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. கடிதத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் அவரே எழுதியும் கொடுத்தார்.

தோட்ட ஆபீசில் மேலாளரான துரையைப் பார்க்க மூன்று தடவை போகவேண்டியிருந்தது. மூன்றாம் தடவை அவர் துண்டுத் தாளைப் படித்தார்.

"இது குடியிருக்கக் குடுத்த வீடு. வியாபாரத்துக்கு நான் எழுதிக் குடுத்தா நாளைக்கு நாப்பது பேர் வந்து நிப்பாங்க. அது என் கையில இல்ல, கொழும்பு ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்."

"கேளுங்க சார், நான் காத்திருக்கேன்."

அவர் கேட்டாரா என்று தெரியாது. பத்து வாரம் அவள் காத்திருந்தாள். அதற்குள் இரண்டு பேர் தளத்தைப் பார்த்துவிட்டு, எப்படிப் பணம் கட்டுவது என்று எழுதினார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதினாள். அந்த நாட்களில் அவளுக்குக் கோபம் வந்ததாக விஜேந்திரனுக்கு நினைவில்லை. சோற்றுக்கு உப்புப் போட மறந்ததுதான் நினைவிருக்கிறது.

ஹாலிஎலையில் ஜெனீராவின் போட்டோகொப்பிக் கடையில்தான் அவள் பத்திரங்களைப் பிரதி எடுப்பாள். கடைக்கார ஜெனீராவுக்கு ஐம்பது வயதிருக்கும். அளந்துதான் பேசுவார். அதே அடையாள அட்டையை ஐந்தாம் தடவை மெஷினில் வைக்கும்போது அவர் கேட்டார்:

"வெளிநாடு போறியா, தங்கச்சி?"

"இல்லக்கா. வீட்டுல இருந்தே வெளிநாட்டுக்குத் துணி தைக்கப் பாக்குறேன்."

ஜீவராணி நடந்ததைச் சொன்னாள். ஜெனீரா பிரதிகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு மேலே கையைக் காட்டினார்.

"மேல ஒரு அறை இருக்கு. உறுதி என்ட பேர்ல. மழைக்கு ஒரு மூலை ஒழுகும். ஒப்பந்தம் எழுதிக்குவோம்."

"வாடகைக்கு இப்ப எங்கிட்ட..."

"கொஞ்சமாச்சும் வாங்கணும். சும்மா குடுத்தா அந்த எழுத்து நிக்காது. நான் தொழப் போற நேரம் கீழ வந்து கடையைப் பாத்துக்க. மிச்சம் அதுல கழியட்டும்."

அடுத்த வாரம் முத்திரை ஒட்டி எழுதினார்கள். ஆனால் பெயருக்கு மட்டும் இடம் காட்டினால் போதாது. வியாபாரம் அங்கே நடக்கிறதா என்று கிராம சேவகர் வந்து பார்ப்பார். விஜேந்திரனும் அவன் கூட்டாளி ஒருவனும் தையல் மெஷினைச் சாக்கில் சுற்றி பஸ்ஸின் பின்பக்கம் ஏற்றினார்கள்.

பஸ் புறப்படுமுன் விஜேந்திரன் கேட்டான்: "வீட்டுல இருந்துகிட்டே செய்யலாம்னுதானே இந்த வெப்சைட்டு?"

"ஆமாங்க. அப்படித்தான் நெனச்சேன்."

பதிவு கிடைத்தது. வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று. கொழும்புக் கம்பனி மறுபடி கேட்ட இரண்டு தாள்களையும் அனுப்பினாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அனுமதி வந்தது. முதலில் தானே சோதித்துப் பார்க்க, பத்து ரூபாய்க்கு ஒரு நூற்கண்டைக் கடையில் போட்டு, விஜேந்திரனின் கார்டில் வாங்கினாள். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடத்தில் நின்றிருந்த அவனுடைய போனுக்கு இரகசிய எண் வந்தது. யாருக்கும் சொல்லக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்க, அவன் அவளை அழைத்து இரைச்சலுக்கு மேலே சத்தமாக ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். பணம் கட்டியாயிற்று என்று பச்சை எழுத்தில் திரை காட்டியது. அவள் நூற்கண்டை எடுத்து மேசையின் மறுபக்கம் வைத்தாள்.

முதல் உண்மையான ஆர்டர் பதினாறு நாள் கழித்து வந்தது. லண்டனில் இருக்கும் துவாரகன் என்பவர் தன் மகளுக்காகக் கொடுத்திருந்தார். பணம் முழுவதும் கட்டியிருந்தார். பிள்ளைக்கு எட்டு வயது. இடுப்பு ஐம்பத்தெட்டு, இடுப்பிலிருந்து முழங்கால் வரை நாற்பது. அவள் பெட்டிக்கு மேலே அங்குலம் என்று எழுதியிருந்தாள். அவர் சென்டிமீட்டரில் போட்டிருந்தார். அது வாசித்ததுமே தெரிந்தது. மூன்றாவது பெட்டியில்தான் சிக்கல். தோள் பதினொன்று என்று இருந்தது. சென்டிமீட்டரானால் பொம்மைக்குத்தான் பொருந்தும். இது மட்டும் அங்குலமா, இல்லை பிழையா? யாரிடம் கேட்பது என்று யோசிக்க ஒன்றுமில்லை. தளத்தில் அவர் நம்பர் இருந்தது. அழைத்தாள்.

"அதுவா? அது மனைவி அளந்தது. அவ அங்குலம், நான் சென்டிமீட்டர்" என்று அவர் சிரித்தார். "நீங்கள்தான் தைக்கிற ஆளோ? நான் ஏதோ பெரிய கம்பனி எண்டு நினைச்சன்."

"நான்தாங்க. நான் மட்டும்தான்."

பணத்தைத் திருப்பிக் கேட்பார் என்று அவள் நினைத்தாள். அவர் வீடியோவைப் போட்டு, பிள்ளையைக் கூப்பிட்டு, கமராவுக்கு முன் அரைமண்டியில் இருக்கச் சொன்னார். ஜீவராணி சொல்லச் சொல்ல, தகப்பனும் தாயும் அளவு நாடாவை ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். அன்றைக்கே அவள் தளத்தில் பெட்டிகளை மாற்றினாள். இப்போது அங்குலமா சென்டிமீட்டரா என்று தேர்ந்தெடுக்காமல் அடுத்த பெட்டிக்குப் போக முடியாது.

போன வருஷம் நவராத்திரிக்கு முன்னால் மூன்று வாரத்தில் பத்தொன்பது ஆர்டர் வந்தன. பக்கத்து லயத்துக் கருப்பம்மா விசிறி மடிப்பு தேய்க்க வந்து சேர்ந்துகொண்டாள். கொழுந்து குறைந்த நாட்களில் மட்டும் வருவாள். அன்றைய வேலைக்குப் பெயர்போட்டால்தான் சம்பளம், தோட்ட வேலையை விடமுடியாது. பதினாறு உடைகள் நேரத்துக்குப் போயின. இரண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. ஒன்றுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தாள். அந்த வாடிக்கையாளர் கோபமாக எழுதியதை அவள் தளத்திலிருந்து அழிக்கவில்லை. அழிக்கத் தெரியும்.

அந்தப் பத்தொன்பதும் கையில் இருந்தபோதே, இருபதாவது ஆர்டர் வருவதற்கு முன்பு, ஒரு மத்தியானம், ஜெனீரா தொழுதுவிட்டு வரும்வரை கீழே கடையில் உட்கார்ந்திருந்தவள், போனை எடுத்து அமைப்புகளுக்குள் போனாள். கடையை மூடும் பொத்தான் ஒன்று அங்கே இருந்தது. இரண்டு வருஷமாக அதை அவள் தொட்டதில்லை. இனி வாங்கினால் நவராத்திரிக்குள் கொடுக்க முடியாது. அழுத்தினாள். "தற்போது புதிய ஆர்டர்கள் ஏற்கப்படுவதில்லை" என்ற வரி தளத்தின் தலையில் வந்து நின்றது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துவிட்டு, வாசலில் பாடசாலைப் பிள்ளை ஒன்று நீட்டிய பரீட்சைத் தாளை வாங்கி மெஷினில் வைத்தாள்.

"எத்தன கொப்பி?" என்று கேட்டாள்.