மஞ்சள் நீர்

மஞ்சள் அரைக்கும் வாசனை எனக்கு ஆகாது. கல்யாண வீடுகளில் அது சந்தனத்தையும் மல்லிகையையும் தள்ளிக்கொண்டு வந்து மூக்கில் ஏறும்; நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். கேட்டால் புழுக்கம் என்பேன். ஐம்பதைத் தொடப்போகிற ஆள் ஒரு கிழங்குக்குப் பயந்து ஓடுகிறான் என்று எப்படிச் சொல்வது? பயமும் இல்லை அது. கோபம். இத்தனை வருஷமாக ஆறாத, ஆற நான் விடாத கோபம்.

எங்களுக்கு வையம்பட்டிப் பக்கம். சோளமும் கடலையும் விளைகிற மேட்டுக்காடு. வீட்டில் மூன்று பையன்கள், நான் நடு. அப்பாவுக்கு ஒரே அண்ணன்; பாலக்கரையில் கயிற்றுக் கடை வைத்திருந்தார். தகப்பனில்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவருக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் கேட்டார், தம்பி தலையாட்டினார், அவ்வளவுதான். மூத்தவனைக் கொடுக்கக் கூடாது, கொள்ளி வைக்க வேண்டியவன். கடைசி இன்னும் பால் குடிக்கிறது. ஆகவே நடு. கொடியில் எந்தப் பூசணியைப் பறிக்கலாம் என்று பார்க்கிற மாதிரி எங்கள் மூவரையும் பார்த்திருக்கிறார்கள்.

என்னிடம் சொன்னது வேறு.

"முக்கொம்பு பாத்துட்டு வரலாம் வாடா. ஆறு ரெண்டாப் பிரியிற எடம்."

"நீ பாத்திருக்கியாப்பா?"

"ம்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மாட்டின் கயிற்றைப் பார்த்துச் சொன்னார். அம்மா எனக்குத் தலை வாரினாள். வாரியதைக் கலைத்து மறுபடி வாரினாள். கைக்குழந்தையோடு அவளால் ரயில் ஏற முடியாதாம். "எத்தன தடவம்மா வாருவ" என்று திமிறிக்கொண்டு ஓடினேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாம் நான்.

மணப்பாறையில் அப்பா முறுக்கு வாங்கிக் கொடுத்தார், நான் கேட்காமலே. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணெல்லாம் கரித்தூள், வாயெல்லாம் முறுக்கு. உலகத்திலேயே அதிர்ஷ்டக்காரப் பையன் நான்தான் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியபடி வந்தேன்.

ஜங்ஷனில் பெரியப்பாவும் பெரியம்மாவும் குதிரை வண்டியோடு காத்திருந்தார்கள். வண்டி முக்கொம்புக்குப் போகவில்லை. ஸ்ரீரங்கம் போனது, காவிரிப் படித்துறைக்கு. அம்மா மண்டபம் என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தவனைச் சொல்ல வேண்டும்.

குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டினார்கள். ஐயர் புகை எழுப்பினார். அப்பா என் கையைப் பிடித்துப் பெரியப்பாவின் கைக்குள் வைக்க, மேலே தண்ணீர் ஊற்றினார்கள். அப்புறம் பெரியம்மா வெண்கலச் செம்பை நீட்டினாள். மஞ்சள் நீர். "ஒரே மூச்சுல குடிச்சிரு கண்ணு." அதைக் குடித்தால் தத்துப்பிள்ளை ஆகிவிடுவேன் என்று யாரும் சொல்லவில்லை; ஏதோ கோயில் தீர்த்தம் என்று குடித்தேன். குமட்டியது.

"அப்பான்னு மூணு தரம் கூப்பிடு," என்றார் ஐயர்.

இது ஒரு பெரிய காரியமா? அப்பாவின் பக்கம் திரும்பிக் கூப்பிட்டேன். படியில் ஈரத் துணி பிழிந்துகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"அவரை இல்லடா கொழந்தே, இவரை. இனிமே இவர்தான் ஒனக்கு அப்பா. அவர் சித்தப்பா."

அப்பாவைப் பார்த்தேன். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வார் என்று பார்த்தேன். அவர் துண்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் புரிந்தது, முக்கொம்பு கிடையாது என்று. வேட்டியை உருவி எறிந்துவிட்டுப் படியில் இறங்கி ஓடினேன். எங்கே ஓடினேன் என்று கேட்காதீர்கள், ஆறு எங்கே போகிறதோ அங்கே. ஆடி மாசத்துப் புதுத்தண்ணி, படியெல்லாம் பாசி. வழுக்கியது. வாய்க்குள் காவிரி புகுந்தது. மேலே வந்தபோது கத்தினேன்.

"அப்பா!"

யாரைக் கூப்பிடுகிறேன் என்பதில் இந்தத் தடவை எனக்குக் குழப்பமே இல்லை.

அவர் பாய்ந்து வந்தார். எங்கள் கிணற்றில் தலைகீழாகக் குதித்து அடிமண்ணை அள்ளிக்கொண்டு வருகிறவர். முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டார், கை நீட்டிவிட்டார். நின்றார். திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

நீச்சலே தெரியாத பெரியப்பா வேட்டியும் துண்டுமாக விழுந்து, தண்ணீர் குடித்து, தட்டுத்தடுமாறி என் அரைஞாண் கயிற்றைப் பிடித்தார். குளித்துக்கொண்டிருந்த யாரோ எங்கள் இருவரையும் சேர்த்து இழுத்துப் போட்டார்கள். "எம்புள்ள, எம்புள்ள" என்று பெரியப்பா என்னைத் தடவிக்கொண்டே இருந்தார். தன் துண்டைப் பிழிந்து என் தலையைத் துவட்டினார். அவரை வெறுக்க முடியவில்லை. அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

அப்பா இன்னும் தண்ணீரில்தான் இருந்தார். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல.

ஏன் நின்றார்? கொடுத்த பொருளை அண்ணன் கண்ணெதிரே தொடக் கூடாது என்றா? அது எந்த ஊர் நியாயம்? அந்த முழங்கால் தண்ணீரிலேயே அவரை நிறுத்திவைத்து நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் போனபோது மூத்தவன் கொள்ளி வைத்தான். நான் பங்காளிகளோடு ஓரமாக நின்றேன். முறைப்படி நின்றேன். நிற்க அவரிடம் கற்றவன் அல்லவா.

அன்று சாயங்காலம் ஊர் ரயிலுக்கு ஜங்ஷன் வந்தோம். வண்டியில் வருகிற வழியெல்லாம் பெரியம்மா ஜாங்கிரியைக் காட்டிப் பாடம் நடத்தினாள்: "சித்தப்பான்னு சொல்லு ராசா, எங்க, ஒரு தரம்." நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். காலையிலிருந்து அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவில்லை. பெரியப்பாவைக் கூப்பிட வேண்டிய சொல்லும் வரவில்லை.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெரியப்பா நாகரிகமாகத் தள்ளிப் போய் டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டார். நானும் அப்பாவும் மட்டும், நடுவில் கம்பி.

"தண்ணி காதுக்குள்ள போச்சாடா?"

நான் ஜன்னல் கம்பியின் துருவைச் சுரண்டினேன்.

"அப்பா பேச்சக் கேட்டு நடந்துக்க. நல்லாப் படி."

எந்த அப்பா என்று விழித்தேன். அவர் டீக்கடைப் பக்கம் முகவாயைக் காட்டினார். பிறகு கம்பி வழியாகக் கையை விட்டு என் தலையைத் தொட வந்தார், நான் நகர்ந்துகொண்டேன். கார்டு ஊதினார். வண்டி ஒரு தடவை உலுக்கிக்கொண்டது. அவர் கையை உள்ளே இழுக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அதிலிருந்து ஏதோ ஒன்று விழப்போகிறது, கீழே விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல.

அவருக்கு என்னதான் வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நாள் முழுக்க எல்லோரும் கேட்டதைத்தான் இவரும் கேட்கிறார் என்று நினைத்தேன். சரி, வாங்கிக்கொள்ளட்டும். ரயிலோடு நான்கு எட்டு ஓடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பிசிறில்லாமல், பெரியம்மா சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன்:

"போயிட்டு வாங்க, சித்தப்பா."