ஒரு புல்லி, நாற்பத்திரண்டு அளவு

மேலகரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் அரிசி ஆலைகளுக்கும் மாவு மில்களுக்கும் புல்லி செய்கிறோம். மோட்டாரின் வேகத்தை பெல்ட் வழியாக இயந்திரத்துக்குக் கொண்டுபோகும் சக்கரம் அது. கீழே லேத் இயந்திரங்கள், மாடியில் கம்ப்யூட்டரும் நானும். டிப்ளமோ முடித்து வந்த நாளிலிருந்து எல்லாப் புல்லியையும் கேட் (CAD) என்கிற வரைபட மென்பொருளில் வரைந்தது நான்தான். நாற்பத்திரண்டு அளவு, நாற்பத்திரண்டு ஃபைல். புது அளவு கேட்டால் பழைய ஃபைல் ஒன்றைக் காப்பி எடுத்து, எண்களை மாற்றி, வேறு பெயரில் வைத்துவிடுவேன்.

போன சாரல் காலத்தில் ஒரு திங்கட்கிழமை, செங்கோட்டையில் மில் மெஷின் செய்யும் எங்கள் பெரிய வாடிக்கையாளர் போன் செய்தார். புது மாடலுக்கு எல்லாப் புல்லியிலும் நடுத் துளையைச் சுற்றிக் குழாய் போல இருக்கும் ஹப் ஆறு மில்லி நீளம் கூட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் டிராயிங் வேண்டும் என்றார். நாற்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினால் பத்து நாள் ஆகும்.

பட்டறை முதலாளி அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "ஒரே ஒரு புல்லி வரையுதேன் அண்ணாச்சி. அளவ பூராவும் எக்செல் டேபிள்ல போட்டுருதேன். டேபிள்ல மாத்துனா படம் தன்னால மாறிரும்."

அவர் யோசித்தார். "ஒரு கட்டத்துல தப்பா அடிச்சா மொத்தமும் போச்சேம்மா. தனித்தனியா இருந்தா ஒண்ணு போனா ஒண்ணோட போவும்."

"திருத்துததும் ஒரே எடத்துலதான் அண்ணாச்சி."

தலையை ஒரு பக்கமாக ஆட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வரிக்கு ஒரு புல்லி. வெளி விட்டம், ஷாஃப்ட் என்கிற சுழல் தண்டு நுழையும் துளை, ஹப் நீளம் என்று ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பத்தி. துளைக்குள் ஒரு காடி உண்டு. புல்லி ஷாஃப்டில் வழுக்காமல் இருக்க 'கீ' என்கிற இரும்புத் துண்டை அதில் செருகுவார்கள். அந்தக் காடி அகலத்துக்கு மட்டும் நான் எண் அடிக்கவில்லை. துளையின் அளவைப் பார்த்து அதுவே எடுத்துக்கொள்ளும்படி ஃபார்முலா போட்டேன்.

செவ்வாய்க்கிழமை டேபிளை இணைத்ததும் பதினொரு புல்லி பிழை காட்டும் சிவப்புக் குறியோடு நின்றன. எல்லாம் சின்ன அளவுகள். பெரிய புல்லிக்கு நான்கு ஆரக்கால் உண்டு. சின்னதில் அதற்கு இடமே இல்லை. புதன்கிழமை பாதி நாள் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஆரக்காலுக்கென்று ஒரு பத்தி சேர்த்து, சின்ன அளவுகளின் கட்டத்தில் மட்டும் 'எஸ்' என்று ஓர் எழுத்தை அடித்தேன்; 'சப்ரஸ்', அதாவது மறை என்பதற்கான எழுத்து அது. ஆரக்கால்கள் மறைந்து முழுத் தட்டாக வந்து நின்றது புல்லி. சிவப்பு எல்லாம் போய்விட்டது. நாற்காலியை விட்டு எழுந்து மாடியில் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை அண்ணாச்சி அளவெடுக்கும் வெர்னியரோடு மாடிக்கு வந்தார். ஸ்டாக்கில் இருந்த பழைய புல்லி பத்தை அவரே இரண்டு நடையாகச் சுமந்து வந்திருந்தார். ஒவ்வொன்றாக அளந்து சொல்லச் சொல்ல, நான் டேபிளைப் பார்த்துப் படித்தேன். ஒன்பது பொருந்தின. பத்தாவது, முப்பத்திரண்டு மில்லி துளை உள்ளது.

"காடி எட்டு," என்றார்.

"பத்துன்னு இருக்கு அண்ணாச்சி."

"பாத்தியா. நான் சொன்னேம்லா."

துளை முப்பதுக்கு மேல் முப்பத்தெட்டு வரை போனால் காடி பத்து என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பழைய ஃபைலைத் திறந்தேன். எட்டு. முப்பது துளைப் புல்லியைக் காப்பி எடுத்து, துளையை மட்டும் மாற்றிவிட்டுக் காடியை மறந்திருக்கிறேன். சேர்ந்த முதல் வருடத்தில் வரைந்தது.

"டேபிள் சரிதான் அண்ணாச்சி. தப்பு நான் பண்ணுனது."

அவர் சுந்தரபாண்டியபுரத்தில் இருக்கும் மில் மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "முப்பத்திரெண்டு புல்லி எப்படிப்பா மாட்டுதிய?"

"அந்த சைஸுக்கு மட்டும் கீய அரம் போட்டு ராவித்தான் ஏத்துதோம் அண்ணாச்சி. அது அப்படித்தான்னு நெனச்சோம்."

திட்டு விழும் என்று நின்றேன். அண்ணாச்சி போனை வைத்துவிட்டு டேபிளில் அந்த முப்பத்திரண்டு வரியின் மேல் விரலை வைத்தார். "இத்தன வருசமா ஒருத்தனும் சொல்லல. உன் கட்டந்தான் சொல்லிருக்கு," என்றார். "மிச்சத்தையும் கொண்டாரேன், பாத்துருவோம்."

மதியத்துக்குள் ஸ்டாக்கில் இருந்த எல்லாவற்றையும் அளந்து முடித்தோம். வேறு தப்பு இல்லை. ஹப் பத்தியில் ஆறைக் கூட்டிக் கீழே வரை இழுத்தேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நாற்பத்திரண்டு புல்லியும் மாறியிருந்தன.

வெள்ளிக்கிழமை செங்கோட்டைக்காரர், குற்றாலத்தில் குளிக்கப் போகிற வழியில், தோளில் துண்டோடு வந்தார். டிராயிங்குகளைப் புரட்டிப் பார்த்தார். "இதுல இல்லாத சைஸ் ஒண்ணு கேட்டா எப்பம் தருவிய? வெளி விட்டம் இருநூத்தி எழுவது, தொள முப்பத்தஞ்சு."

"இருங்க சார்."

கடைசி வரிக்குக் கீழே ஒரு வரி அடித்தேன். திரையில் புல்லி வந்தது. டிராயிங் பிரிண்டரிலிருந்து சூடாக வெளியே வந்தது. அவர் காடி அகலத்தைத் தேடிப் பார்த்தார். பத்து. துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "அப்பம் இருநூத்தித் தொண்ணூறு?"

நான் கீபோர்டில் கை வைப்பதற்குள் அண்ணாச்சி தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். "நீ தள்ளும்மா. இத நான் அடிக்கேன்."

ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடி அடித்தார். புல்லி வந்து நின்றதும் மவுஸைப் பிடித்து அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிக்கொண்டே இருந்தார். அருவிக்குப் போக வந்தவர் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.