நாலு விரல் உயரம்: ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வரை ஒரு பிட்சரோடு

போன மே மாதம் ஒரு சனி, ஞாயிறு ஏற்காட்டில் இருந்தேன். ஏரியில் படகு விட்டீர்களா என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை. இரண்டு நாளும் நான் பார்த்தது பந்து வீசும் கைகளைத்தான். ஆனாலும் இந்த வருடம் நான் போன பயணங்களிலேயே மனது துள்ளியது இதில்தான்.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. படிக்கிற காலத்தில் சாஃப்ட்பால் ஆடியவள். இரண்டு வருடமாக, விடுமுறை நாட்களில், ஒரு தொழில்முறை பேஸ்பால் அணிக்காகக் கல்லூரி பிட்சர்களைப் பார்த்து அறிக்கை எழுதித் தருகிறேன். பிட்சர் என்றால் பந்து வீசுபவர். கிரிக்கெட் போல ஓடி வர முடியாது. நின்ற இடத்திலிருந்து, தரையில் படாமல், அறுபதரை அடி தள்ளி நிற்கும் பேட்டருக்கு வீச வேண்டும். வருடம் ஒருமுறை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கும். அதற்கு என் பகுதியிலிருந்து நான் ஒரே ஒரு பெயரைத்தான் அனுப்பலாம். கெடு, ஞாயிறு மாலை ஐந்து மணி.

சேலத்துக் கல்லூரி அணி ஒன்று வெயிலுக்குத் தப்பி ஏற்காட்டில் பத்து நாள் முகாம் போட்டிருந்தது. அதில் பிரவீன் என்ற இரண்டாமாண்டு மாணவனைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. நான் போனது அவனைப் பார்க்க.

சனிக்கிழமை காலை 5.30க்குக் கோவையில் பஸ் ஏறி 9.15க்குச் சேலம். புதிய பேருந்து நிலையத்தில் 9.40க்கு ஏற்காடு பஸ். டிக்கெட் 34 ரூபாய். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் இட்லியை மேலே போய்ச் சாப்பிடுங்கள். பன்னிரண்டாவது வளைவில் எனக்குப் பின்னால் இருந்தவர் அதை நிரூபித்தார். 11 மணிக்கு இறங்கியபோது சால்வை தேவைப்படாத, ஆனால் வியர்க்காத நல்ல காற்று. ஏரிக்குப் பக்கத்தில் அறை 1,800 ரூபாய். மே மாத வாரக்கடைசிக்கு இது மலிவு. பத்து நாள் முன்பே சொல்லி வைத்ததால் கிடைத்தது.

முகாம் நடந்த பள்ளி மைதானம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். நடந்தே போனேன். பிரவீன் எல்லோரும் சொன்னது போலவே இருந்தான்: ஆறடி உயரம், சாட்டை மாதிரி கை. வேகம் அளக்கும் கருவி முதல் பந்துக்கு மணிக்கு 134 கிலோமீட்டர் காட்டியது, ஐந்தாவதற்கு 137. கல்லூரி மாணவன் ஒருவனிடம் அந்த எண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. அறிக்கையின் பாதியை மனதுக்குள் எழுதியே விட்டேன்.

அப்போதுதான் மைதானத்தின் ஓரத்தில், தனியாகச் சுவரைப் பார்த்து வீசிக்கொண்டிருந்த இடது கைக்காரனைக் கவனித்தேன். பெயர் மாதேஷ், இறுதியாண்டு. ஏற்காடு மலையிலேயே இருக்கும் மாரமங்கலம்தான் ஊர். காபி, மிளகு பயிரிடும் குடும்பம். முகாமில் தங்காமல் தினமும் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறான் என்று பயிற்சியாளர் சொன்னார். வேகம் 121தான். ஆனால் போன பருவத்தில் சேலம் மைதானங்களில் அவனுடைய கர்வ் பந்தை, அதாவது பேட்டருக்குப் பக்கத்தில் வந்ததும் திடீரென்று கீழே விழும் பந்தை, யாராலும் தொட முடியவில்லையாம்.

"அந்தப் பந்து செத்துப்போச்சுங்க மேடம்," என்றார் அவர். "மலைக்கு வந்து எட்டு நாளாச்சு. ஒண்ணுகூட விழுகுறதில்ல. எல்லாத்தையும் வெளுத்துக் கட்டுறானுங்க. பையன் நொம்ப ஒடஞ்சுட்டான்."

பையன் உண்மையிலேயே உடைந்துதான் போயிருந்தான். பிடியை மாற்றி மாற்றி வீசிப் பார்த்து, விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது. இறுதியாண்டு என்பதால் கல்லூரி டிராஃப்டில் அவனுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. நான் பழைய பிடியிலேயே இருபது பந்து வீசச் சொன்னேன். பேட்டர் நிற்கும் இடத்தில் இரண்டு கம்பு நட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு கட்டினேன். அதற்குக் கீழே விழுந்தால் நல்ல கர்வ். இருபதும் கயிற்றுக்கு மேலேதான் போயின. ஆனால் ஒன்று விசித்திரமாக இருந்தது. இருபதில் பதினேழு பந்து, கயிற்றுக்குச் சரியாக நாலு விரல் மேலே, ஒரே இடத்தில் போயின. கை கெட்டுப்போனவனுடைய பந்து கண்ட இடத்துக்கும் அல்லவா போகும்?

என் கல்லூரி நாளில் ஊட்டிக்கு ஒரு போட்டிக்குப் போய், எங்கள் பிட்சரின் பந்து கீழே இறங்காமல் அடி வாங்கித் தோற்றது ஞாபகம் வந்தது. உயரம் கூடினால் காற்று மெலிசு. சுழலும் பந்தை வளைப்பதே காற்றுதான். ஏற்காடு ஐயாயிரம் அடி. மாதேஷ் பிறந்தது மலையில் என்றாலும், பந்து வீசக் கற்றது கீழே, சேலத்தில். இந்த உயரத்தில் அவன் கர்வ் வீசியதே இந்த எட்டு நாளில்தான்! அந்த நாலு விரலைக் காற்றுதான் தின்கிறது என்று எனக்குப் பட்டது. பட்டால் போதுமா? அறிக்கையில் எழுத, கண்ணால் பார்க்க வேண்டும்.

ஞாயிறு காலையே அவனைக் கீழே கூட்டிப்போய்ப் பார்ப்பதாகப் பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை, ஆனால் பந்தைப் பிடிக்க கேட்சர் வேண்டுமே, அணியின் கேட்சருக்குக் காலையில் பயிற்சி ஆட்டம். அப்போது பிரவீன், தான் பிடிப்பதாக முன்னால் வந்தான். ஒரே இடத்துக்குப் போட்டி போடும் பையன் என்பதால் எனக்குச் சங்கடமாக இருந்தது. அதையே அவனிடம் கேட்டேன்.

"அதுக்குத்தானுங்க மேடம் வர்றேன்," என்றான். "நான் தோக்கறதுன்னா எதுல தோத்தேன்னு என் கண்ணுல பாக்கோணும்."

மறுநாள் காலை 7.30க்கு வாடகைக் கார். குப்பனூர் வழியாக இறங்கிச் சேலம்வரை 1,900 ரூபாய். இந்த வழி சுற்று, ஆனால் வண்டி நெரிசல் குறைவு; சீக்கிரம் கிளம்பினால் சாலை முழுக்க உங்களுக்கே. ஓட்டுநர் செல்வம் கேட்சரின் முகமூடியையும் மார்புக் கவசத்தையும் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேடம், சண்டைக்குப் போறீங்களா?" என்றார். விளக்கிச் சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தார். மாதேஷைக் கண்ணாடியில் பார்த்து, "கைய வெளிய நீட்டாத கண்ணு," என்று இரண்டு முறை எச்சரித்தார். மாதேஷ் வழியெல்லாம் பந்தை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே வந்தான்.

9.10க்குக் குப்பனூர். கார் மீட்டரில் 29 கிலோமீட்டர். கதவைத் திறந்ததும் அடுப்புப் பக்கம் நின்றது போல வெக்கை. ஊருக்கு வெளியே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அரை மணி நேரம் இடம் கொடுத்தார்கள். அறுபதரை அடியை டேப்பால் அளந்தேன். அதே கம்பு, அதே கயிறு, அதே உயரம். மாதேஷை அதே பழைய பிடியில் வீசச் சொன்னேன்.

முதல் பந்து கயிற்றை உரசியது. கயிறு அதிர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். இரண்டாவது கயிற்றுக்குக் கீழே போனது. மூன்றாவது அதற்கும் கீழே விழுந்து, பிரவீனின் கையுறைக்குத் தப்பி முழங்கால் கவசத்தில் அடித்தது. பிரவீன் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாதேஷ் தன் விரல்களைப் பார்த்தான். பத்துப் பந்தில் எட்டு கயிற்றுக்குக் கீழே.

அதற்கு மேல் என்னால் ஓரமாக நிற்க முடியவில்லை. எனக்கு நாற்பத்து மூன்று வயது. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, கயிற்றை அவிழ்த்துவிட்டு, பேட்டோடு போய் நின்றேன். பந்து நேராக நெஞ்சுக்கு வருவது போல வந்தது, பேட்டைச் சுழற்றினேன், பேட்டுக்கும் பந்துக்கும் நடுவே நாலு விரல் காற்று. பேட்டின் தடிமனே அவ்வளவுதான். மலையில் அடிபடுகிற அதே பந்து கீழே தப்பிவிடுவது அதனால்தான். ஆறு பந்தில் ஒன்றைத்தான் தொட்டேன், அதுவும் கைப்பிடிக்குப் பக்கத்தில். உள்ளங்கை இரண்டு நாள் வலித்தது. அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் எப்போதும் தோற்றதில்லை.

"மேடம், நான் எட்டு நாளா என் கையத் திட்டிட்டிருந்தேனுங்க," என்றான் மாதேஷ், பந்தை எடுக்க வந்தபோது. முகத்தைத் துடைத்துக்கொண்டான், வியர்வைதான் என்று நாங்கள் மூவரும் வைத்துக்கொண்டோம்.

முடிவு எளிதாக இருக்கவில்லை. சேலம் பேருந்து நிலையத்தில் பையன்கள் இருவரையும் ஏற்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, லஸ்ஸி குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் யோசித்தேன். 137 வேகத்தை விட்டுக்கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்று ஒரு மனம். ஆனால் பிரவீனுக்கு வேகம் தவிர இன்னும் எதுவும் வரவில்லை. இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. நான் அறிக்கை எழுதும் அணி ஆடும் மைதானங்கள் எல்லாம் காற்று அடர்ந்த கடற்கரை ஊர்களில். 3.50க்கு மாதேஷின் பெயரை அனுப்பினேன், இரண்டு ஊரிலும் போனில் எடுத்திருந்த வீடியோவையும் சேர்த்து. பிரவீனிடம் நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தும், அன்று சொல்லத் தைரியம் வரவில்லை.

நீங்கள் போவதானால் சில விஷயங்கள். ஏற அடிவாரம் வழி பஸ், இறங்கக் குப்பனூர் வழி கார். இரண்டையும் பார்த்தது போல இருக்கும். மாரமங்கலத்துக்குப் பஸ் குறைவு, நேரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அறை, சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஐயாயிரத்துக்குள் முடிந்தது. விளையாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு: மலையில் மூச்சுப் பயிற்சி நன்றாக நடக்கும். பந்து சரியாக வளையவில்லை என்றால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் ஒரு முறை கீழே இறக்கிப் பாருங்கள்.

ஒன்பது நாள் கழித்து டிராஃப்ட். ஆறாவது சுற்றில் எங்கள் அணி மாதேஷைத் தேர்ந்தெடுத்தது. கல்லூரி அறையில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது. முதலில் பிரவீனுக்குத்தான் போன் செய்தேன். அவன் பெயரை ஏன் அனுப்பவில்லை என்று விளக்க ஆரம்பித்தேன்.

"தெரியுங்க மேடம், நான்தான பந்தப் பிடிச்சேன்," என்று இடையில் நிறுத்தினான். "இருங்க, மாதேஷ் இங்கதான் நிக்கிறான். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறான். போன அவன் காதுல வெக்கறேன், நீங்களே சொல்லுங்க."