போதகரிடம் காட்டிய பக்கம்

எழுபதுகளின் கடைசியில் செங்கம் ரோட்டில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். பக்கத்திலிருந்த ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் எதையாவது அடிக்கக் கொண்டுவருவார்கள். ஒருநாள் தாடிக்காரர் ஒருவர், கையால் எழுதிய கட்டுரையைத் தந்தார். பேச்சுவாக்கில், தான் யூதர் என்றார். எனக்குத் திக்கென்றது. நாங்கள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். யூதர் என்றால் இயேசுவைச் சிலுவையில் அறையச் சொன்னவர்கள் என்றுதான் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருந்தேன்.

அடிக்க அடிக்கச் சந்தேகம் கூடியது. இயேசுவை முதலில் நம்பியவர்கள் யூதர்களாகவேதான் இருந்தார்கள், புது மதம் தொடங்கியதாக அவர்கள் நினைக்கவில்லை என்று எழுதியிருந்தார். யூதர்களின் எருசலேம் ஆலயம் இடிந்த பிறகும், விருத்தசேதனம் என்ற யூதச் சடங்கு செய்யாத புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், சபையில் பெருகிய பிறகும்கூட இரண்டு மதங்களும் ஒரேநாளில் பிரிந்துவிடவில்லையாம். முந்நூறு வருஷம் கழித்தும், ‘யூதர்களின் ஜெப ஆலயத்துக்குப் போகாதீர்கள்’ என்று கிறிஸ்தவ ஆயர்கள் சபையாரைக் கண்டித்துக்கொண்டிருந்தார்களாம்.

நம் வேதத்தைக் கெடுக்கத்தான் இந்த ஆள் வந்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மாலையில் எங்கள் போதகர் வீட்டுக்குப் போனேன்.

அவர் இரண்டு முறை படித்தார்.

“பொய்தானுங்களே ஐயா?”

“இல்லம்மா. போகாதேன்னு திட்டறாங்கன்னா, ஜனங்க போயிட்டிருந்தாங்கனுதானே அர்த்தம்? நாங்க போதகர் படிப்பு படிக்கறப்போ எங்களுக்கே சொல்லிக்குடுத்தாங்க.”

“அப்போ எங்களுக்கு ஏன் சொல்லலைங்க?”

பக்கத்தை என்னிடம் நீட்டினார். “ஜாஸ்தி பேருக்குத் தெரிஞ்சா கொழப்பம்தான் வரும். நீயும் யார்கிட்டயும் பேசிட்டு இருக்காதே.”

மறுநாள் தாடிக்காரர் வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் முகம் இறுகியது. எங்கள் போதகர் யார், ஏன் காட்டினேன், அவர் என்ன சொன்னார் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். “உண்மைன்னு சொன்னார்” என்றேன். நம்பினதாகத் தெரியவில்லை. மடிப்பு விழுந்த அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. மன்னிப்புக் கேட்டேன். அவர் மற்ற தாள்களையும் வாங்கி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் வேலை கொடுத்தார். ஆனால் தாள்களை என் எதிரிலேயே ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் தருவார், எண்ணித்தான் வாங்குவார். அது எனக்கு வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளிலோ, போதகர் பிரசங்கிக்கும்போது, இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறார் என்று யோசித்துக்கொண்டேதான் கேட்பேன்.