படிவத்தில் ஆறாவது கட்டம்

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷம். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கமும் பஸ் இல்லை. நான் ஒரு ஜவ்வரிசி ஆலையில் புரோகிராமர். ஆலைக்கு ஒரே கம்ப்யூட்டர், அதற்கு ஒரே ஆள்.

மூன்றாம் நாள் காலை முதலாளி என் ரூமுக்கு வந்தார். உட்காரவில்லை.

“நாலு லாரி கெழங்கு கரியாலூர் ரோட்டுல அழுகிக்கினு நிக்குது. மரத்த வெட்டிப் போட்டவன் ஜாதிக்காரனுக்கு நான் வேல குடுக்கணுமா? ஆலை ஆளுங்கள்ல அவனுங்க யார் யாருன்னு லிஸ்ட் எடு. எல்லாத்தையும் இன்னியோட நிறுத்திடறேன்.”

“அவங்க இன்னா சார் பண்ணாங்க? பஸ் இல்லாம நடந்தே வந்துக்கினு இருக்காங்க.”

“உன்னக் கேட்டனா? பொட்டியில இருக்குதா, இல்லியா?”

இருந்தது. வேலைக்குச் சேரும் படிவத்தில் ஆறாவது கட்டம், ஜாதி. யாரோ எந்தக் காலத்திலோ அச்சடித்த படிவம். வருகைப் பதிவுக்கு அந்தக் கட்டம் தேவையில்லை, சம்பளத்துக்கும் தேவையில்லை. படிவத்தில் இருக்கிறதே என்று யோசிக்காமல் அதையும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபீல்டாக வைத்துவிட்டேன். எடைமேடையில் நின்ற ஏழுமலை மட்டும் சேரும்போது கேட்டான்.

“இதும் எழுதணுமா சார்?”

“எழுதுப்பா. சும்மா கேக்கறதுதான்.”

டேட்டா போய்விட்டது என்று முதலாளியிடம் பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஒரே ஒரு வரி டைப் அடித்தேன். பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று இரண்டு நிமிஷத்தில் நாற்பத்தேழு பேரைத் துப்பியது. பேப்பர் படிவமாகவே இருந்திருந்தால் குமாஸ்தா அலமாரியைக் கொட்டித் தேட நாலு நாள் ஆகியிருக்கும். அதற்குள் ரோடு திறந்திருக்கும், முதலாளியின் கோபமும் ஆறியிருக்கும். வேகம், வேகம் என்று நம் தொழிலில் பீற்றிக்கொள்கிறார்களே, அந்த வேகம் இதற்கும் உதவும்.

சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் லிஸ்ட்டைப் படித்து ஒவ்வொருவராக வெளியே அனுப்பினான். முதலாளி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை சாப்பாட்டுத் தூக்கோடு என் பக்கத்தில் வந்து நின்றான். சங்கராபுரம் பக்கம், என் பெரியம்மா ஊர்க்காரன். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“நீயும் எங்காளுதான சார். லிஸ்ட்டுல உன் பேரு எங்க?”

மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தேன். நான் மெட்ராஸிலிருந்து வந்தவன் என்று நினைத்து முதலாளி என் ஜாதியைக் கேட்டதே இல்லை. என் ரெக்கார்டில் அந்த ஃபீல்டை நான் காலியாக விட்டிருந்தேன். ஏழுமலை கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருந்தால் நாற்பத்தெட்டாவது ஆள் நான்.

அவன் சத்தம் போடவில்லை. என் முகத்தைப் பார்த்தான். “சும்மா கேக்கறதுன்னு சொன்னியே சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். கச்சிராயபாளையம் ரோடு வரைக்கும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்றைக்குப் பையன்கள் ஆப் எழுதுகிறார்கள். பிறந்த தேதி, அப்பா பேர், ஊர், மதம், எல்லாம் கேட்கிறார்கள். எதற்கடா என்றால், “பின்னாடி யூஸ் ஆகும் சார், இருக்கட்டும்” என்கிறார்கள்.

ஆகும். அதுதான் பயம்.

உன்னுடையதை எழுதச் சொன்னால் எந்தக் கட்டத்தைக் காலியாக விடுவாயோ, அந்தக் கட்டத்தை அடுத்தவனுக்கு வைக்காதே.