செயின் வைத்த சாப்பாட்டு மேசை

மாடிப்படியில் விழுந்ததிலிருந்து சைக்கிள் கடைக்காரர் மனைவிக்கு வலது கை தூக்க வரவில்லை. கூடத்தில் நாலு பேர் மேசைதான் கொள்ளும்; பெரிதாகப் போட்டால் படுக்கையறைக் கதவு திறக்காது. முன்பெல்லாம் விருந்தாளி வந்தால் சமையலறை மேசையை இழுத்து வந்து சேர்த்துவிடுவாள். இப்போது ஒரு கையால் சமைத்துவிடலாம், மேசையை இழுக்க முடியுமா?

"நாங்க வந்து தூக்கிப் போடுறோம்க்கா" என்றாள் தங்கை.

"சாப்பிடக் கூப்பிட்டுட்டு மேசையைத் தூக்குன்னு சொல்றதா? வேண்டாம்டி." அதோடு யாரையும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஆள். மறுநாள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நீளும் மேசை ஒன்றை வரைந்தார். மேலே இரண்டு பாதி. நடுவில் புத்தகம்போல மடிந்து கிடக்கும் பலகை. அடியில் இரண்டு பல்சக்கரம், ஒரு சைக்கிள் செயின். ஒரு பாதியை இழுத்தால் மற்றது தானே எதிர்ப்பக்கம் விலக வேண்டும்.

மரம் அறுத்துக் கொடுத்த தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "பெல்லும் பிரேக்கும் எப்போண்ணே மாட்டப் போறீங்க?"

ஒரு மாதம் கூடமெல்லாம் மரத்தூள். கடைசியில் சறுக்குக் கட்டைகளில் மெழுகு தேய்த்து, செயினை மாட்டினார். அவள் இடது கையால் இழுத்தாள். மேசை பிரியவில்லை. இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டு அவள் பக்கமே நகர்ந்தன.

"என்னங்க, இது கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புது!"

அவர் முகம் வாடிவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சைக்கிளைக் கழற்றி மாட்டுகிறவர், மேசைக்கு அடியில் படுத்து முழித்தார். அவளும் குனிந்து பார்த்தாள். மேசையை ஆட்டினால், செயினின் மேல்வரிசை இந்தப் பக்கம் ஓடியது, கீழ்வரிசை அந்தப் பக்கம்.

"ரெண்டு பாதியையும் மேல்வரிசையிலேயே பூட்டியிருக்கீங்களே. ஒண்ணைக் கீழ பூட்டுங்க."

அவர் அவளையே பார்த்தார். "இத்தனை வருஷம் எங்கேம்மா இருந்தே நீ?"

"அடுப்படியில."

ஒரே ஒரு திருகாணியை இடம் மாற்றினார். அவள் இரண்டு விரலால் இழுத்தாள். எதிரே கண்ணுக்குத் தெரியாத யாரோ நின்று இழுப்பதுபோல, அதே வேகத்தில், சத்தமே இல்லாமல் அடுத்த பாதி விலகிப் போனது. மடிந்த பலகையை விரித்தாள். பலகை இடைவெளியில் படிந்து உட்கார்ந்தது. ஒரே மரத்தில் அறுத்ததால், ரேகைகள் இந்தக் கோடியில் கிளம்பி, எங்கேயும் அறுபடாமல் அந்தக் கோடிவரை ஓடின. மூட்டில் நகம்கூட நுழையவில்லை.

மூடினாள், திறந்தாள். மறுபடி மூடினாள், திறந்தாள். செய்தவரும் இப்போதுதான் பார்ப்பவர்போல வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"நாமளாங்க செஞ்சோம் இதை?"

பதிலுக்குக் காத்திராமல் தங்கைக்குப் போன் போட்டாள். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. உன் கொழுந்தனார் வீட்டையும் கூட்டிட்டு வா. சீக்கிரமெல்லாம் வர வேண்டாம்டி, சாப்பாட்டு நேரத்துக்கு வந்தா போதும்."