பஸ்ஸில் தவளையைப் படித்துவிட்டேன்

படிக்கக் கற்று நாலு மாதம் ஆகிறது. வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு எழுத்து பிடிபடும்.

இன்று ராயபுரத்தில் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் துளை போட்ட டப்பா. அதில் ஒட்டியிருந்ததைச் சத்தமாக எழுத்துக் கூட்டினேன்.

"உ...யி...ருள்ள... த...வ...ளை!"

முன்னால் நின்ற கண்டக்டர் திரும்பினார். "தவளையா? இன்னா கலீஜ் இது? யாரு அது, எறங்கு!"

அந்தப் பெண் என் காதில் கெஞ்சினாள். "ஆராய்ச்சிக்கு, தாத்தா. ஆப்பிரிக்கத் தவளை. இந்த வெயில்ல நின்னா செத்துடும்."

டப்பா மேல் என் துண்டைப் போட்டேன். "நைனா, எனக்குப் படிக்கத் தெரியாது. சும்மா உளறிட்டேன்."

"பேஜாரு பண்ணாத பெருசு!" என்று சிரித்துவிட்டு விசில் அடித்தார்.

நாலு மாதமாகத் திருவொற்றியூர் முழுக்கப் படிக்கத் தெரியும் என்று சொல்லித் திரிந்தவன் நான்.

இறங்கும்வரை அவள் கதை கதையாகச் சொன்னாள். இதன் முட்டை தண்ணீரிலேயே வளருமாம். ஒரு புள்ளி எப்படி முழு உயிராகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாமாம். ஆனால் இந்தத் தவளைக்கு நாக்கே கிடையாதாம்!

கொடுத்துவைத்தது. வாயைத் திறக்காமல் படிப்பது எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள். மெதுவாகப் படித்துக்கொள்கிறேன், வீட்டில்.